ஒலுவில் மணலுக்கு ஓர் ஒதுக்கீடு

நவம்பர் பிறந்தால் கல்முனைத் தேநீர்க் கடைகளில் ஒரே பேச்சுத்தான்: நம்ம எம்.பி. வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்துவாரா, மாட்டாரா? உயர்த்தினால் ஊருக்கு என்ன கிடைக்கும்? வீதி, மண்டபம், வகுப்பறைக் கட்டடம். 1970களில் தொடங்கிய, எம்.பி. பரிந்துரையில் ஊர் வேலைகளுக்குச் செலவாகும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி நம்மை அப்படிக் கேட்கப் பழக்கிவிட்டது. கல் நாட்டினால் பெயர்ப்பலகை நிற்கும். மணல் அள்ளியவருக்கு யார் பலகை வைத்தார்கள்?

ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹும் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு அது. சந்திரிகா அரசில் அவருக்கிருந்த பேரம்பேசும் பலமே ஒலுவிலைக் கொழும்பின் கோப்புகளில் ஏற்றியது. 2000 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2008இல் வேலை தொடங்கியது. டென்மார்க் கடனில், சுமார் 46 மில்லியன் யூரோ செலவில் எழுந்த துறைமுகம் 2013இல் கோலாகலமாகத் திறக்கப்பட்டது.

நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலைதடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து நுழைவாயில் தூர்ந்தது. வடக்கே கடல் நிலத்தைத் தின்றது. வேர் வெளியே தெரிய நின்ற தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. வாயிலைத் தோண்டச் சொல்லும் மீனவரும், தோண்டினால் வீடு போய்விடுமோ என்று அஞ்சும் குடியிருப்பாளரும் எதிரெதிரே நின்றார்கள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது நெஞ்சைச் சுடுகிறது.

திறப்பு விழாவுக்குப் பணம் வந்தது. மணல் அள்ளவோ, கரை காக்கவோ ஆண்டுதோறும் உறுதியாக வரும் பணம் எங்கே? சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி இவற்றில் எந்த அரசும் எளிதில் கைவைக்காது. நெருக்கடி வந்தால் வெட்டு விழுவது மூலதனச் செலவில்தான். அதிலும் கூக்குரல் எழாத பராமரிப்பில். ஆட்சி ஆட்டம் கண்டால் இன்னும் மோசம். 2018 அரசியல் குழப்பத்தால் 2019க்கான வரவு செலவுத் திட்டம் 2019 ஏப்ரலில்தான் நிறைவேறியது. தேர்தல்கள் வந்ததால் 2025க்கான திட்டமும் மார்ச் வரை இழுபட்டது. இடையில் ஓடியது இடைக்காலக் கணக்கறிக்கை. கடல் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அம்பாறை மாவட்ட உறுப்பினர்களே, குழுநிலை விவாதத்தில் உங்களிடம் இம்முறை மண்டபம் கேட்கவில்லை. ஒலுவில் வாயிலைத் தோண்ட ஆண்டுக்கு இவ்வளவு, வடக்கே கரை காக்க இவ்வளவு என்று இரண்டையும் சேர்த்தே எழுத வையுங்கள். ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் பழைய சண்டைதான் திரும்பும். வாக்களிக்கும் முன் அந்த இரண்டு தொகைகளையும் ஊருக்குச் சொல்லுங்கள். அடுத்த வாரமே இந்தப் பக்கத்தில் அச்சிடுகிறோம்.