யந்திரம் மாறினாலும் இசை பிழைக்குமா?

ஜெர்மனியின் ஹானோவர் நகரில் உள்ள இசைக் கல்லூரியில் 2011-ஆம் வருஷம் ஒரு மகாநாடு கூடியது. அரசியல் மகாநாடு அல்ல. வியாபாரிகள் மகாநாடும் அல்ல. ஒரு பாஷையைக் கையாளுகிறவர்களின் முதல் சர்வதேச மகாநாடு அது. அந்தப் பாஷையை எந்த நாட்டு மக்களும் வாயால் பேசுவதில்லை. கம்ப்யூட்டருக்கு நாதத்தையும் தாளத்தையும் எடுத்துச் சொல்லும் பாஷை அது. அதன் பெயர் 'ஸிசவுண்ட்.'

பிறகு அதே மகாநாடு அமெரிக்காவில் பாஸ்டன் (2013), ருஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் (2015), உருகுவே நாட்டில் மாண்டிவிடியோ (2017), அயர்லாந்தில் அத்லோன் (2022), ஆஸ்திரியாவில் வியன்னா (2024) என ஊர் ஊராகச் சென்றிருக்கிறது. இசையமைப்பாளர்களும், கம்ப்யூட்டர் நிபுணர்களும், ஆசிரியர்களும், மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். பகலில் விவாதம், பின்னர் கச்சேரி. இத்தனைக்கும் இந்தப் பாஷையை யாரும் விலைக்கு விற்பதில்லை. அப்படியானால் இவர்களைக் கூட்டி வைப்பது எது?

எண்ணிலிருந்து நாதம்

ஒலி என்பது காற்றில் எழும் அலை. அந்த அலையின் ஏற்ற இறக்கத்தை எண்களாகக் குறித்து வைக்கலாம். இன்றைய குறுந்தட்டில் ஒரு விநாடி ஒலிக்கு, ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் 44,100 எண்கள் பதிவாகியிருக்கின்றன. எண்களை மீண்டும் மின்சார அசைவாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நாதம் பிறக்கிறது.

இவ்வாறு கம்ப்யூட்டரைக் கொண்டு இசை உண்டாக்கும் முறைக்கு 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வழி வகுத்தவர் மாக்ஸ் மாத்யூஸ். அவர் எழுதிய 'மியூஸிக்' என்ற கட்டளைத் தொகுப்பின் உதவியால் அப்போது உருவான இசை 17 விநாடிதான் ஒலித்தது.

ஆனால் விநாடிக்கு 44,100 எண்களை எந்த வித்வானும் கையால் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் தனிப் பாஷை வேண்டியிருக்கிறது. ஸிசவுண்டில் எழுதப்படும் பாட்டு இரண்டு பகுதிகளாக இருக்கும். முதல் பகுதியில் வாத்தியத்தின் அமைப்பு: எந்த அலை, எவ்வளவு கனம், எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்ற விவரம். இரண்டாம் பகுதியில், எந்த வாத்தியம் எந்த விநாடியில் தொடங்கி எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு. வீணை செய்யும் ஆசாரியும் அதை வாசிக்கும் வித்வானும் இங்கே ஒருவரே.

யந்திரத்தோடு பாட்டும் போகும்

இந்தப் பாஷையை அமைத்தவர் பாரி வெர்கோ. நியூஸிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் முதலில் ஐ.பி.எம். 360 என்ற யந்திரத்துக்காக ஓர் இசைப் பாஷை எழுதினார். பின்னர் பி.டி.பி. 11 என்ற யந்திரத்துக்காக மற்றொன்று. இரண்டும் அந்தந்த யந்திரத்தோடு கட்டுண்டவை. யந்திரம் பழசாகி மூலைக்குப் போனால் பாஷையும் போயிற்று. அதில் எழுதிய பாட்டும் போயிற்று.

ஆகவே 1980-களின் நடுவில் அவர் மூன்றாவது முறையாக முயன்றார். இம்முறை, பலவித யந்திரங்களிலும் செல்லக்கூடிய 'ஸி' என்ற பொதுப் பாஷையில் எழுதினார். ஸிசவுண்ட் என்ற பெயர் அதனால் வந்தது.

இதன் பலனை ஓர் உதாரணத்தால் அறியலாம். ரிச்சர்ட் பூலாஞ்சர் என்ற இசையமைப்பாளர் 1979-இல் பழைய பி.டி.பி. பாஷையில் 'டிராப்ட் இன் கன்வெர்ட்' என்ற இசையை எழுதினார். அது பின்னர் ஸிசவுண்டுக்கு மாற்றி எழுதப்பட்டது. அன்றைய யந்திரம் வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அந்த இசை இன்று ஒரு மாணவனின் கம்ப்யூட்டரில் ஒலிக்கிறது.

எல்லா இசைக்கும் இந்தப் பாக்கியம் எளிதில் கிட்டுவதில்லை. பிரான்ஸின் புகழ்பெற்ற இசை மேதை பியர் பூலே 1981-இல் அரங்கேற்றிய 'ரேபோன்' என்ற படைப்பு, பாரிஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான 'நான்கு எக்ஸ்' என்ற தனி யந்திரத்தை நம்பியிருந்தது. அந்த யந்திரத்தின் காலம் முடிந்ததும், இசையின் யந்திரப் பகுதியைப் புதிய சாதனங்களுக்கு ஏற்ப மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. பூலே உலகறிந்தவர், பின்னால் பெரிய ஸ்தாபனம் இருந்தது. பெயர் வெளியே வராத இசையமைப்பாளனுக்கு அந்தச் சிரமத்தை யார் எடுத்துக்கொள்வார்கள்?

ஏட்டுச் சுவடியைக் காலாகாலத்தில் பெயர்த்து எழுதாவிட்டால் கறையான் தின்றுவிடும். கம்ப்யூட்டர் இசைக்கும் கறையான் உண்டு. அதன் பெயர் 'புதிய மாடல்.'

பூட்டு திறந்தது

ஸிசவுண்ட் தொடக்கத்தில் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே என்ற நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பொது உரிமையின் கீழ் வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

ஜேம்ஸ் மக்கார்ட்னி என்பவர் 1996-இல் வெளியிட்ட 'சூப்பர் கொலைடர்' என்ற மற்றோர் இசைப் பாஷையின் கதையும் இப்படித்தான். முதலில் அது விலைச் சரக்கு. 2002-இல் அவர் அதைப் பொதுவில் விட்டார். அன்று முதல் அதை வளர்த்து வருவது, அதைக் கையாளுவோரின் கூட்டமே. படைத்தவர் கையை விட்ட பின்னும் படைப்பு வாழ்கிறது.

லாபத்துக்காக நடக்கும் கம்பெனி, சரக்கு விற்காவிட்டால் கடையைச் சாத்திவிடும். அதை நம்பி எழுதிய பாட்டுக்கு அதோடு சரி. பொதுச் சொத்துக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் வேறோர் ஆபத்து இருக்கிறது.

பாரம் யார் தலையில்?

இலவசம் என்றால் செலவில்லை என்று பொருள் அல்ல. புதிய யந்திரம் வரும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து பாஷையை அதற்கேற்பச் செப்பனிட வேண்டும். பிழைகளைக் களைய வேண்டும். விளக்க நூல் எழுத வேண்டும். புதிதாக வருகிறவனின் சந்தேகத்தைப் பொறுமையாகத் தீர்க்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் தங்கள் சொந்த வேலை போக மீதி நேரத்தைத் தருகிற சிலரே. அவர்கள் களைத்துப் போனால் அடுத்து யார்?

கூட்டத்துக்குள்ளும் இழுபறி இல்லாமல் இல்லை. பழைய பாட்டு அணுவளவும் மாறாமல் ஒலிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பழைய கட்டைச் சுமந்துகொண்டே புது வழி நடக்க முடியுமா என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஸிசவுண்ட் கூடுமானவரை இரண்டையும் தழுவியே வந்திருக்கிறது. பழைய பாட்டுக்கு இடம் வைத்துக்கொண்டே, 2013-இல் வெளியான ஆறாவது பதிப்பில், இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வாத்தியத்தைப் புதிதாக அமைக்கவும் மாற்றவும் வசதி செய்யப்பட்டது. இந்தச் சமரசம் தானாக வருவதல்ல. முகம் பார்த்துப் பேசினால்தான் வரும். மகாநாடுகளின் அவசியம் இங்கேதான் விளங்குகிறது.

இந்தப் பாஷைகளைச் சர்வகலாசாலைகளும் இசைக் கல்லூரிகளும் பாடமாக வைக்கின்றன. காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்கின்றன. அதில் தவறில்லை; பொதுச் சொத்து அதற்காகத்தான். ஆனால் பொதுக் கிணற்றில் நீர் இறைக்கிறவர்கள் தூர் வாரும் நாளிலும் வந்து நிற்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரம் இந்தப் பராமரிப்புக்கென்று ஒதுக்குவது எந்தக் கல்லூரிக்கும் தாங்க முடியாத பாரமல்ல. அதையும் அவர் உத்தியோகத்தில் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும்.

அப்படிச் செய்தால், இன்று ஒரு மாணவி எழுதும் பாட்டை அவள் பேரன் பேத்திகள் கேட்பார்கள். செய்யாவிட்டால், அது எண்களாகவே எங்கோ கிடக்கும், ஒலிக்காது.