ஐந்தில் மூன்று

வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். பின்னங்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் மனுசனையே பின்னமாக்கின கணக்கை அமெரிக்க அரசமைப்பில்தான் பார்த்தேன்.

1787-இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. 'மற்ற நபர்கள்' என்று நாசூக்காக எழுதினார்கள். பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களுக்கு இடம் பிரிக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அந்த ஐந்து பேரில் ஒருத்தருக்கும் ஓட்டில்லை. தலை கறுப்பரோடது, அதனால் கூடின இடங்கள் ஆண்டைகளோடது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவிலும் இதே கணக்குதான்.

பிரதிநிதித்துவம் என்று பாடப்புத்தகம் சொல்வதை இங்கிருந்து படிக்கணும் தோழர்களே. எண்ணப்படுவது வேறு, அதிகாரம் பெறுவது வேறு.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று 1870-இல் 15-ஆவது திருத்தம் சொன்னது. தெற்கு மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. ஓட்டுப்போட வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று புதுப் பூட்டுகள் போட்டன. செல்மாவில் ஊர்வலம் போனவர்கள் அடிபட்ட பிறகுதான் 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பாகுபாடு காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற முன் அனுமதி வாங்கணும் என்று அது கட்டுப்படுத்தியது. 2013-இல் உச்சநீதிமன்றம் அந்தக் கட்டைத் தளர்த்திவிட்டது.

உரிமையை ஏட்டில் வரவு வைத்ததோடு கணக்கு முடிவதில்லை. எந்த அரசமைப்பைப் படித்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: தலை யாரோடது, வரவு யார் பேரில்?