கதவடியில் ஒரு பை



1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா நகைப்பெட்டியை எடுத்தா, காணி உறுதியை எடுத்தா, அரிசி எடுத்தா. அப்பா தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் அலுமாரி லாச்சிக்குள்ளேயே கிடந்தன. தையல் மெசின் பிறகு எங்களுக்குச் சோறு போட்டது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது, நான் இன்னார்தான் என்று காட்ட அந்த ஒரு துண்டுக் கடதாசிக்காக மாதக்கணக்கில் அலைந்தேன்.

அவசரத்தில் கை எதைத் தொடுகிறதோ அதைத்தான் எடுப்போம். ஆகவே எதை எடுப்பது என்று அவசரம் இல்லாத நாளில் தீர்மானிக்க வேண்டும்.

"இங்கே என்ன ஷெல்லா விழப்போகுது?" என்று சிலர் கேட்கலாம். ஷெல் விழாது. ஐஸ் விழும். 1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கி ஐந்தாறு நாட்கள் மொன்றியலிலும் சுற்றுவட்டாரத்திலும் உறைமழை பெய்தது. விழுந்த மழை கம்பியிலும் மரத்திலும் அப்படியே உறைந்தது. பாரம் தாங்காமல் பெரிய இரும்புக் கோபுரங்களே மடிந்து விழுந்தன. கியூபெக்கில் ஏறக்குறைய பாதிச் சனம் இருட்டில் இருந்தது. தெற்கே சென் யசான்த், கிரான்பி பக்கம் சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதம் சென்றது. ஜனவரி 9ஆம் திகதி மொன்றியலின் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கும் மின்சாரம் நின்றுபோய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார்கள். அடுப்பே மின்சார அடுப்பு. எதில் கொதிக்க வைப்பது?

அது பழைய கதை என்றும் விட முடியாது. 2023 ஏப்ரல் 5ஆம் திகதி புதன்கிழமை மறுபடி உறைமழை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைட்ரோ கணக்குகளுக்கு மின்சாரம் இல்லை. எங்கள் வீடும் அதில் ஒன்று. ஹீற்றரும் மின்சாரம், அடுப்பும் மின்சாரம். இரண்டாம் நாள் பின்னேரம் குளிர் தாங்காமல் பல்கனியில் கிடந்த கரி அடுப்பைக் குசினிக்குள் கொண்டுவந்து வைத்தவன் நான்தான். கரியும் போட்டுவிட்டேன். மூத்த மகள் வந்து நின்று, "அப்பா, உதை உள்ளுக்கு மூட்டக்கூடாது. செத்துப்போவம் எண்டு ரீச்சர் சொன்னவ" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் விறகு எரித்துச் சமைத்து வளர்ந்தவனுக்கு இவள் அடுப்புப் பாடம் சொல்கிறாளே என்று. ஆனாலும் மூட்டவில்லை. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளே இப்படி மூட்டிய பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று பிறகு செய்தியில் கேட்டபோது என் கைகால் நடுங்கியது.

ஊர்க் குசினியில் புகை ஓட்டு இடுக்கால் வெளியே போய்விடும். இங்கே யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டி வீட்டையே அடைத்து வைத்திருக்கிறோம். கரியும் காஸும் எரியும்போது காபன் மொனொக்சைட் என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடிக்கும், தலை சுற்றும், சத்தி வரும், பிறகு நித்திரை போல மயக்கம். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது பிழை. பாபகியூ, கரி அடுப்பு, ஜெனரேற்றர் எதுவும் வீட்டுக்குள்ளும் கராச்சுக்குள்ளும் வேண்டாம். சந்தேகம் வந்தால் எல்லோரும் உடனே வெளியே போய் 911ஐ அழையுங்கள். சாதாரண புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தனி அலாரம் கடையில் விற்கிறது.

இனி விசயத்துக்கு வருவோம். ஆபத்து இரண்டு விதம். ஒன்று நேரம் தருவது, மற்றது தராதது.

நேரம் தருவது மின்சாரம் நிற்பது போன்றது. கனடா அரசாங்கம் சொல்வது, ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 72 மணித்தியாலத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிற்றர் தண்ணீர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 24 லிற்றர். சாப்பாட்டுக்கு எங்கள் ஆட்களுக்குக் கஷ்டமில்லை. அவல், சத்துமா, பிஸ்கற், பால்மா, ரின் மீன். ரின் வெட்டியை மறக்க வேண்டாம். பிறிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். திறக்காவிட்டால் நான்கு மணித்தியாலமாவது குளிர் நிற்கும். நிறைந்த பிறீசர் இரண்டு நாள் வரை தாங்கும்.

வெளியே போக வேண்டி வந்தால் எடுக்க ஒரு பை கட்டிக் கதவடியில் வையுங்கள். பள்ளிக்கூடப் பை போதும். அதற்குள்:

- அகதி விண்ணப்பக் கடதாசிகள் அல்லது வதிவிட அட்டை, பாஸ்போட், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அவற்றின் மொழிபெயர்ப்புகள், வீட்டு லீஸ். எல்லாம் தண்ணீர் புகாத பிளாஸ்ரிக் உறைக்குள்.
- தினம் போடும் மருந்துகளும் டொக்டர் எழுதிய துண்டும்.
- ரோச் லைற், பற்றரி ரேடியோ, மேலதிக பற்றரி, ரெலிபோன் சார்ஜர்.
- சில்லறையாகக் கொஞ்சக் காசு. மின்சாரம் இல்லாத இடத்தில் வங்கி மெசினும் வேலை செய்யாது.
- ஆளுக்கு ஒரு சோடி தடித்த உடுப்பு, குழந்தை இருந்தால் பால்மாவும் நப்பியும்.

கடதாசிகளின் பிரதி ஒன்றை ரொறன்ரோவிலோ வேறெங்கோ இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். ரெலிபோனிலும் படம் எடுத்து வைக்கலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய படங்களையும் சேர்த்து எடுங்கள். அவற்றை எந்தக் கந்தோரும் திரும்பத் தராது.

நேரம் தராதது நெருப்பு. இங்கே சட்டம் வேறு. எதையும் எடுக்க வேண்டாம். பை கையெட்டும் தூரத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அதையும் விடுங்கள். பிள்ளைகள், வயதானவர்கள், சப்பாத்து, அவ்வளவுதான். வெளியேறும்போது கதவைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். லிப்ற் வேண்டாம், படியால் இறங்குங்கள். வெளியே எல்லோரும் சேரும் இடத்தை இன்றைக்கே பேசி வையுங்கள், எதிர்ப்பக்க பஸ் தரிப்பிடம் என்றால் பிள்ளைக்கும் விளங்கும். நகைக்காக உள்ளே திரும்பிப் போகாதீர்கள். 911 எடுத்தால் முதலில் வீட்டு இலக்கம், தெருப்பெயர் சொல்லுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவுக்கும் அதை மனப்பாடமாக்குங்கள். விசா முடிவாகவில்லை என்று பயந்து அழைக்காமல் இருக்க வேண்டாம். தீயணைப்புப் படையினர் நெருப்பை அணைக்கத்தான் வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. மிளகாய் தாளிக்கும்போது கத்துகிறதென்று புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். தாளிக்கும்போது விசிறியைப் போடுங்கள், அறைக் கதவைச் சாத்துங்கள், பற்றரியைத் தொடாதீர்கள். பத்து வருடம் கடந்த அலாரத்தை மாற்ற வேண்டும். செய்த திகதி பின்பக்கம் அடித்திருக்கும்.

போன மாதம் அம்மா ரெலிபோனில், "என்னடா, அங்கேயும் பை கட்டுறியோ?" என்று கேட்டா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளையளின்ர பேர்த் சேர்ட்டிபிக்கற்றை முதல் வை" என்றா.

இதை வாசித்து முடித்தவுடன் கதிரையில் ஏறி அந்த அலாரத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்.

அடுத்த இதழில்: வாடகை வீட்டுக்கு இன்சூரன்ஸ் எதற்கு? வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் உங்கள் சாமான்களுக்கு ஒரு சதமும் தராது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.