தோற்றவரா, வென்றவரா?

“படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?” என்று வினவும் பெற்றோர் நம் இல்லங்களில் இன்றும் உளர். அவர்கள் ஓர் அமெரிக்கரின் வரலாற்றைச் சற்றே செவிமடுக்க வேண்டும்.

பட் கிராண்ட் என்று அறியப்பட்ட ஹாரி பீட்டர் கிராண்ட், 1927-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகரில் பிறந்தார். எட்டு வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது; கால் தசைகள் தளர்ந்தன. விளையாடினால் கால் வலுப்பெறலாம் என்றார் மருத்துவர். பிள்ளையைப் படுக்கையில் கிடத்திவிடாமல் மைதானத்துக்கு அனுப்பினர் பெற்றோர். அந்த ஒரு முடிவே அவரது வாழ்வின் திசையை மாற்றியது.

முதலில் பேஸ்பால், கால் தேறத் தேறக் கூடைப்பந்தும், முட்டை வடிவப் பந்தினைக் கொண்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்தும் சேர்ந்தன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது மூன்று விளையாட்டுகளிலும் சேர்த்து ஒன்பது முறை பல்கலைக்கழகச் சிறப்புச் சின்னம் பெற்றார். 1950-இல் பட்டம் வென்ற மினியாபொலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியில் அவரும் ஒருவர். பின்னர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கால்பந்து அணிக்கு ஆடிவிட்டு, 1953-இல் கனடாவின் வின்னிபெக் அணிக்குச் சென்றார்.

1957-இல், முப்பது வயது நிறையுமுன்பே, அவ்வணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 1958, 1959, 1961, 1962 ஆகிய நான்காண்டுகளிலும் கனடியக் கால்பந்தின் உயரிய கோப்பையான கிரே கோப்பையை அணிக்கு ஈட்டித் தந்தார். 1967-இல் தாயகம் திரும்பி மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் பொறுப்பேற்றார்.

அங்கே 1981 வரை ஆடுகளம் திறந்தவெளியாக இருந்தது. குளிரோ எலும்பை உருக்கும். ஆயினும் ஓரத்தில் கணப்பு வைக்க அவர் அனுமதிக்கவில்லை. அனலை நாடும் மனம் ஆட்டத்தில் நிலைக்காது என்பது அவர் கருத்து. தேசிய கீதம் ஒலிக்கையில் நேராக வரிசையில் நிற்பதற்கும் வீரர்களுக்குப் பயிற்சியளித்தார். பதினெட்டுப் பருவங்களில் பதினொரு முறை அவரது அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

ஆனால் ‘சூப்பர் பவுல்’ என்னும் இறுதிப் போட்டி மட்டும் அவருக்கு வசப்படவில்லை. 1970, 1974, 1975, 1977 என நான்கு முறை அதில் ஆடி, நான்கிலும் தோற்றது அவரது அணி. கனடாவில் நான்கு வெற்றி, தாயகத்தில் நான்கு தோல்வி! எனினும் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அடுத்த பருவத்துக்கு அணியை ஆயத்தம் செய்தாரே தவிர, ஒதுங்கிவிடவில்லை. 1994-இல் அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். கனடா 1983-இலேயே அவருக்கு அச்சிறப்பை அளித்திருந்தது. இரு நாட்டு மண்டபங்களிலும் இடம்பெற்ற முதல் மனிதர் அவரே.

2016 ஜனவரியில், உறைபனிக்கும் கீழே இருபது பாகை குளிரில், 88 வயது முதியவராய் அரைக்கைச் சட்டையுடன் மைதானத்தின் நடுவே வந்து நின்றார். 2023 மார்ச்சில், 95-ஆம் வயதில் மறைந்தார்.

பெற்றோரே! நோயுற்ற காலைக் காரணம் காட்டி அச்சிறுவனை அன்று வீட்டிலேயே இருத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்? மதிப்பெண் குறைந்ததென்றோ, போட்டியில் தோற்றானென்றோ பிள்ளையின் முகம் வாடி நிற்கும் வேளையில், நான்கு முறை தோற்றும் தலைநிமிர்ந்து நின்ற இம்மனிதரை அவனுக்கு நினைவூட்டுங்கள்.