அழுகைக்கும் ஒரு மொழி வேண்டும்

எங்கள் கண்டக்குழியில் ஒரு வீட்டில் மௌத் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னால், அயல்வீட்டில் உலை வைத்துவிடுவார்கள். மையித்து வீட்டுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். ஆனால் ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே வசனம்தான் இருக்கும்: "அழாதீங்க, ஸபுர் செய்ங்க."

இந்த வசனம் போதுமா என்பதுதான் என் கேள்வி.

கொவிட்டினால் இறப்பவர்களை எரிக்கவே வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியும் பல மாதங்கள் அது மாறவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்களை அடக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு என் மூத்தாப்பாவும் அங்கே அடக்கப்பட்டார். மேற்குக் கடலில் வலை இழுத்தவருக்குத் தீவின் கிழக்கில் கபுறு. அவரைக் குளிப்பாட்ட எங்கள் வீட்டுக் கைகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாங்கள் ஜனாஸா என்று சொன்னவர், செய்தியில் அன்றைய எண்ணிக்கையில் ஒருவர்.

எல்லோரும் தொலைபேசியில் ஸபுர் செய்யச் சொன்னார்கள். மூத்தம்மா அழவில்லை. இத்தா முடிந்த பிறகும் மூத்தாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்ல பொறுமைசாலி" என்று ஊர் பாராட்டியது. தரம் எட்டில் படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்பில் அடித்து ஓலமிடுவதை மார்க்கம் தடுத்திருப்பது உண்மை. பெரியவர்கள் அஞ்சுவதும் அதற்குத்தான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்றாஹீம் மரணித்தபோது கண்ணீர் விட்டார்கள். கேட்டவருக்கு, அது இரக்கம் என்று விளக்கமும் சொன்னார்கள். கதீஜா (ரழி) அவர்களை இழந்த ஆண்டை வரலாறு துயர ஆண்டு என்றே அழைக்கிறது. ஸபுர் என்பது வாயைப் பூட்டுவதல்ல.

தமிழிலும் இதற்கு இடமுண்டு. இறந்தவரை எண்ணிப் புலம்பும் பாட்டுக்குக் 'கையறுநிலை' என்று இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. செய்வதற்கு எதுவும் இல்லாத நிலை. அந்த நிலையில் மனிதருக்கு மிஞ்சுவது சொல் ஒன்றுதான். அதையும் நாம் ஏன் பறிக்க வேண்டும்?

கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவு செய்ததாக 2024 ஜூலையில் செய்தி வந்தது. அன்றிரவு நான் மூத்தம்மாவிடம், "மூத்தாப்பாவுக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "கணவாய்" என்றார். பிறகு, அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வைத்த கறி அப்படியே கிடந்ததைச் சொன்னார். மூன்று வருடத்து அழுகை அப்போதுதான் வந்தது. நான் அழாதீங்க என்று சொல்லவில்லை.

தோழிகளே, பெற்றோரே, அடுத்த முறை மையித்து வீட்டுக்குப் போகும்போது துஆச் செய்வோம், சோறும் கொண்டு போவோம். கூடவே, போனவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்போம். பதில் வரும்வரை பக்கத்தில் இருப்போம்.