ட்ரைலோபைட்டை வாங்காதீர்கள், தேடுங்கள்

பிறந்தநாளுக்கு ஒரு ட்ரைலோபைட் வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் கேட்கும் பிள்ளைகள் இப்போது பலர். இணையத்தில் சில யூரோவுக்குக் கிடைக்கிறது, சின்னப் பெட்டியில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. என் கருத்து இதுதான்: வாங்காதீர்கள். அதுவும் ஷோனெஃபெல்டிலோ பேர்லினிலோ இருந்துகொண்டு வாங்கவே வாங்காதீர்கள். அது உங்கள் காலடியிலேயே கிடக்கக்கூடும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ட்ரைலோபைட் என்பது கடலில் வாழ்ந்து முற்றாக அழிந்துபோன கணுக்காலி. நண்டு, இறால், தேள், பூச்சி எல்லாம் இருக்கும் அதே பெரிய குடும்பம். முதுகு ஓடு நீளவாக்கில் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பெயரும் அதனால்தான் வந்தது. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் காலக் கடலில் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடைசி இனமும் மறைந்தது. நடுவில் 27 கோடி ஆண்டுகள். மனித இனம் வந்து 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. "அழிந்துபோன பிராணி" என்றால் ஏதோ தோற்றுப்போன பிராணி என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

அதன் கண் இன்னும் அதிசயம். கண்ணின் வில்லைகள் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனவை. சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே பொருள்தான். அதனால் உடம்பின் மென்மையான பகுதிகள் மறைந்தபின்னும் கண் அப்படியே கல்லில் நிற்கிறது. ஆபத்து வந்தால் பல இனங்கள் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள், அதேபோல. வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போட்டுப் புது ஓடு கட்டும். இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கழற்றிப் போட்ட ஓடுகளின் துண்டுகளே.

சரி, பேர்லினுக்குத் தெற்கே இந்த மணல் தரையில் அது எப்படி வந்தது? ஷோனெஃபெல்ட் என்றால் எல்லோருக்கும் விமான நிலையம்தான் ஞாபகம். ஆனால் விமானத்துக்கு வெகு முன்பே இங்கே வடக்கிலிருந்து பெரிய வரவு ஒன்று நடந்தது. கடைசிப் பனியுகத்தில் ஸ்கண்டினேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம், வழியிலிருந்த பாறைகளை உடைத்து, அரைத்து, தூக்கிக்கொண்டு வந்தது. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது உருகிப் பின்வாங்கியபோது களிமண், மணல், கற்கள் எல்லாவற்றையும் இங்கேயே விட்டுப் போனது. ஷோனெஃபெல்ட் இருக்கும் டெல்டோ மேட்டுநிலம் அப்படி வந்த மண்ணால் ஆனது. வயலோரக் கற்குவியலிலும் சரளைக் குழியிலும் சுவீடனின் கிரானைட்டும், ஓலண்ட் தீவுப் பக்கத்துச் சுண்ணக்கல்லும் கலந்து கிடக்கின்றன. ஓலண்ட் இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

இந்தக் கதையை அன்று அறிஞர்களே எளிதில் நம்பவில்லை. மிதக்கும் பனிமலைகள் கடல்வழியே கற்களைக் கொண்டுவந்து போட்டன என்றுதான் நீண்டகாலம் சொன்னார்கள். 1875 நவம்பர் 3ஆம் திகதி சுவீடன் புவியியலாளர் ஓட்டோ டோரெல், பேர்லினுக்குக் கிழக்கே ரூடர்ஸ்டோர்ஃப் சுண்ணக்கல் பாறையில் இருந்த கீறல்களைக் காட்டி, தரைமீது நகர்ந்த பனிப்பாளம்தான் அவற்றைக் கீறியது என்று பேர்லினில் வாதாடினார். அதன்பிறகே பேச்சு மாறத் தொடங்கியது.

ஐஸ் கொண்டுவந்த பெரிய பாறைக்கு டொச் மொழியில் "ஃபிண்ட்லிங்" என்று பெயர். பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் அதே சொல்தான். பேர்லின் லுஸ்ட்கார்டனில் இருக்கும் பிரமாண்டமான கிரானைட் கிண்ணம் அப்படி ஒரு பாறையைக் குடைந்து செய்தது. ஆனால் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. இந்தக் கற்கள் அநாதைகள் இல்லை. உள்ளே இருக்கும் ட்ரைலோபைட்டைப் படிக்கத் தெரிந்தால் கல் தன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். இன்ன இனம் இன்ன அடுக்கில்தான் வரும், அந்த அடுக்கு இன்ன ஊர்ப் பக்கத்தில்தான் வெளியே தெரியும் என்று பொருத்திப் பார்க்கலாம். நாதியற்றது என்று நினைத்த கல்லுக்கு இப்படித்தான் ஊர் கிடைக்கிறது.

வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். நான் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்கிறேன். யார் எழுதியது, எப்போது எழுதியது, எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லாத தரவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பி ஒரு முடிவும் எடுக்கமுடியாது. புதைபடிவமும் அப்படித்தான். கடையில் வாங்கும் ட்ரைலோபைட்டின் சீட்டில் பலநேரம் "மொரோக்கோ" என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். எந்த மலை, எந்த அடுக்கு என்று இருக்காது. உடைந்ததை ஒட்டி நிரப்பியவையும், அச்சில் வார்த்த போலிகளும் சந்தையில் உண்டு. அது அலமாரிக்கு அழகு, அறிவுக்குப் பயன் குறைவு.

நீங்களே எடுத்த கல்லுக்கோ இரண்டு முகவரி எழுதலாம். ஒன்று, கண்டெடுத்த இடம். மற்றது, கல் புறப்பட்ட இடம். முதலாவது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், உடனே எழுதவேண்டும். இரண்டாவது படித்து, ஒப்பிட்டு, பலரிடம் கேட்டுக் கண்டுபிடிக்கவேண்டியது. முதல் வரியை விட்டால் பொய். இரண்டாவதைத் தேடாமல் விட்டால் சோம்பல்.

"நீ எங்கிருந்து வருகிறாய்?" என்ற கேள்வி நம்மில் எல்லோருக்கும் பழக்கம். ஷோனெஃபெல்ட் என்று சொன்னால், "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்று அடுத்த கேள்வி வரும். சிலருக்குக் கோபம் வரும், சிலர் சிரித்துவிட்டு யாழ்ப்பாணம் என்பார்கள். நான் சொல்வது, இரண்டு வரியையும் எழுதுங்கள். கல்லை ஐஸ் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் பெற்றோரில் பலரை யுத்தம் தள்ளியது. முதல் வரியை அழித்துவிட்டு இரண்டாவது மட்டுமே உண்மை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது எதற்கு என்று நீங்களும் அதைக் கைகழுவாதீர்கள்.

"உண்மையில் எங்கிருந்து" என்று தோண்டிக்கொண்டே போனாலும் முடிவு வராது. அந்தச் சுண்ணக்கல் ஆர்டோவிசியன் காலத்தில், சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தபோது, இன்றைய சுவீடன் இருக்கும் நிலத்துண்டு தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது. சுவீடனே அங்கிருந்து நகர்ந்து வந்ததுதான்!

விடுமுறையில் ஊருக்குப் போய்த் தேடலாமே என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, ட்ரைலோபைட் அழிந்து 20 கோடி ஆண்டுகளுக்கும் பிறகு படிந்தது. தமிழ்நாட்டு அரியலூரில் அம்மோனைட் கிடைக்கும், ட்ரைலோபைட் கிடைக்காது. இந்தியாவில் அதற்கு இமயமலைக்கே போகவேண்டும். ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் கேம்பிரியன் ட்ரைலோபைட்டுகளை கௌப்பர் ரீட் 1910இலேயே விவரித்து எழுதியிருக்கிறார். அம்மம்மாவின் ஊரில் தேடவேண்டியவை வேறு. ட்ரைலோபைட்டைப் பொறுத்தவரை அதிர்ஷ்டம் இங்கேதான்.

எனவே இந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சரளைக் குழி என்றால் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், செங்குத்தான மணல் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். சாம்பல் அல்லது சிவப்பு நிறச் சுண்ணக்கல்லைப் பாருங்கள். சுத்தியல் பிடித்தால் கண்ணாடி போடுங்கள். முழு ட்ரைலோபைட் முதல் நாளே கிடைக்காது. வால் கவசத்தின் ஒரு துண்டு, கணவாயின் தூரத்து உறவினரான நீளக் கூம்பு ஓடு ஒன்று, இவை கிடைத்தாலே நல்ல நாள். பிறகு பேர்லின் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போய், டைனோசரைப் பார்த்த கையோடு, சின்னக் கற்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளின் சீட்டுகளையும் வாசியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் திகதியையும் இடத்தையும் எழுதுங்கள், கீழே இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். தமிழிலும் எழுதுங்கள், டொச்சிலும் எழுதுங்கள். இரண்டாவது வரியை நிரப்ப ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை, அந்தக் கல்லுக்கு அவசரமில்லை.