அந்த மோரைக் கடைந்தது யார்?

ஒரு சின்ன க்விஸ். கேன்டீனில் பக்கத்து பெஞ்ச்சையும் சேர்த்துக்குங்க.

தமிழ் சினிமாவில் பார்த்த ஒரு கிறிஸ்தவ ஃபாதர்? ஈஸி. வெள்ளை அங்கி, தோளில் ஒரு தட்டு, 'மை சைல்ட்' என்று ஓர் இழுவை. பத்து பேராவது ஞாபகத்துக்கு வருவார்கள். ஒரு சிஸ்டர்? அதுவும் ஈஸி. ஒரு கிறிஸ்தவ ஹீரோயின்? மேரி, நான்சி, பிரியா, ஜெஸ்ஸினு வரிசையா அடுக்கிடுவீங்க. சரி, இப்போ அஞ்சு மார்க் கேள்வி. ஒரு கத்தோலிக்க அம்மா பேர் சொல்லுங்க.

யோசிங்க, யோசிங்க. டீ ஆறிடப் போகுது.

நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, அதே மாதிரி ஒரு வீட்டில் ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாகவும் ஆனவள். அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் பர்சனல். பக்திப் படங்களை ஓரமா வெச்சுட்டு மத்த படங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். 'ஞான ஒளி' (1972). சிவாஜி கோயில் மணியடிக்கிற அந்தோணி. மகள் மேரிக்காக உருகி உருகி நடிப்பார். அந்த மேரியைப் பெற்றவள் பிரசவத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறாள். 'மின்சார கனவு' (1997). கன்னியாஸ்திரி ஆக ஆசைப்படும் கஜோலுக்கு அப்பா இருக்கிறார், மடத்தில் மதர் இருக்கிறார். அம்மா? திரையில் இல்லை. 'கடல்' (2013). கடற்கரைப் பையன் தாமஸின் அம்மா படம் ஆரம்பித்ததுமே செத்துப்போகிறாள். ஹீரோயின் பியாட்ரிஸ் சிஸ்டர்களோடு வளர்கிறவள். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் (2010) ஜெஸ்ஸிக்கு அம்மா உண்டு. ஆனால் அந்த மலையாளி வீட்டில் கதவைத் திறக்கிறதும் சாத்துகிறதும் அப்பாதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 'அலைகள் ஓய்வதில்லை' (1981). ராதாதான் மேரி. அண்ணன் தியாகராஜன், அண்ணி சில்க் ஸ்மிதா. அம்மா கிடையாது. கார்த்திக்குக்கு மட்டும் அம்மா உண்டு. கமலா காமேஷ். பாட்டு டீச்சர். மேரி பாட்டு கத்துக்கப் போகிறதே அந்த அம்மாவிடம்தான். கடைசியில் அவன் பூணூலையும் இவள் சிலுவையையும் கழற்றி எறிவதைப் பற்றி ஊரே பட்டிமன்றம் நடத்தியது. புரட்சி என்றார்கள், அநியாயம் என்றார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்தச் சிலுவைச் செயினை அவள் கழுத்தில் போட்டுவிட்டது யார்? எங்க வீடுகளில் அது பெரும்பாலும் புதுநன்மை அன்றைக்கு வரும். அம்மா போடுவாள், இல்லேன்னா ஞானத்தாய் போடுவாள். அந்தக் கை படத்தில் எங்கேயுமே இல்லை. போட்டவளே இல்லாதபோது கழற்றுவது எவ்வளவு சுலபம், பாருங்கள்!

இதில் திரைக்கதைக்காரர்களின் வசதியும் இருக்கு, ஒத்துக்கிறேன். வீட்டில் ஓர் உயிருள்ள கத்தோலிக்க அம்மா இருந்தால் சாயங்காலம் ஏழு மணி ஜெபமாலைக்குப் பொண்ணு முட்டி போட்டாகணும். அம்பத்து மூணு மணியில் எத்தனையாவது மணியில் அவள் மனசு எங்கே போச்சு என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். காதல் இன்டர்வெலைத் தாண்டாது.

ஆனால் வசதி மட்டும் காரணம் இல்லை. 1948-ல் வந்த 'ஞானசௌந்தரி'யை நினைச்சுப் பாருங்க. சிட்டாடல் கம்பெனி எடுத்த படம், எம்.வி.ராஜம்மாதான் சௌந்தரி. அதுக்கு முன்னாடியே நாடக மேடையில் ஓடித் தீர்த்த கதை. பெற்றவள் இல்லை. சிற்றன்னை அந்தப் பெண்ணின் கைகளை வெட்டிக் காட்டில் விடச் சொல்கிறாள். வெட்டுப்பட்ட கைகளை மாதா வந்து திரும்பத் தருகிறாள். சூத்திரம் புரியுதா? மாதா வரணும்னா பெற்ற அம்மா இடத்தைக் காலி பண்ணணும். பீடத்தில் சுரூபம் இருக்கும்போது அடுப்படியில் வேர்த்து வழிகிற ஒருத்தி எதுக்கு? அந்தச் சூத்திரத்தில்தான் நம் சினிமா இவ்வளவு காலம் வண்டி ஓட்டியிருக்கு.

விதிவிலக்கு ஒண்ணு சிக்கியது. சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012). கடலில் கண்டெடுத்த பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிற மேரியாக சரண்யா பொன்வண்ணன். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற மகனைத் திட்டி, அவனுக்காகக் கெஞ்சி, சோறும் போடுகிற அம்மா. பார்த்தபோது 'அட, இவங்களை எனக்குத் தெரியுமே' என்று தோன்றியது. எங்க பங்கில் அவரை மாதிரி நாலு பேராவது உண்டு.

இதில் பெரிய காமெடி என்ன தெரியுமா? திரையில் காணாமல் போன அந்த அம்மாதான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நம்பர் ஒன் ரசிகை. 1999-ல் 'சித்தி' வந்தபோதும், 2002-ல் 'மெட்டி ஒலி' வந்தபோதும் எங்க வீடுகளில் ஜெபமாலை நேரமே இடம் மாறிச்சு. சீரியலுக்கு முன்னாடி முடிச்சாகணும்னு அருள் நிறை மந்திரம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடிச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் 'சீரியல் பார்க்கும் தாய்மார்களே' என்று ஆரம்பிப்பார். கிரிக்கெட் பார்க்கும் தந்தைமார்களே என்று ஆரம்பித்ததை நான் கேட்டதே இல்லை. அந்தச் சாமியாருக்கு ஒரு தகவல்: டெலிவிஷனுக்கென்றே நம் சபையில் ஒரு பாதுகாவலி இருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டு அசிசி நகரத்துக் கன்னியாஸ்திரி புனித கிளாரா. நோயில் படுத்திருந்தபோது கிறிஸ்துமஸ் பூசையைத் தன் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. அதை வைத்து 1958-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை டி.வி.க்குப் பாதுகாவலி ஆக்கினார். ஆகவே தாய்மார்கள் ரிமோட்டை எடுப்பதில் இறையியல் சிக்கல் எதுவும் இல்லை.

அது சரி, 'சித்தி'யிலும் 'மெட்டி ஒலி'யிலும் பெற்ற அம்மா எங்கே? ஒண்ணில் குழந்தைக்குச் சித்தி. இன்னொண்ணில் அஞ்சு பொண்ணுங்களுக்கும் அப்பா. இல்லாத அம்மாவுக்காக இருக்கிற அம்மாக்கள் புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அந்த அழுகையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அது என்ன மாதிரி அழுகை என்று ஒருத்தர் ரொம்ப நாள் முன்னாடியே உட்கார்ந்து யோசிச்சிருக்கார். அவரும் உங்களை மாதிரி ஒரு காலேஜ் பையன்தான்.

பேர் அகுஸ்தீன். கி.பி. 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். பதினேழு வயசு வாக்கில் கார்த்தேஜ் நகரத்துக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு நாடகப் பைத்தியம். மேடையில் யாராவது பிரிந்தால், செத்தால் கண்ணீர் விட்டு அழணும், அதில் ஒரு சுகம். சொந்த வாழ்க்கையில் வேண்டாத துக்கத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஏன் போகிறோம் என்று பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதினபோது அவரே கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தீதோ என்ற ராணிக்காக அழுதவர். கப்பலேறிப் போன காதலனால் அதே கார்த்தேஜ் கரையில் கைவிடப்பட்டு உயிரை விட்ட காவியத் தலைவி அவள்.

இப்போ அடுத்த சீன். வருஷம் 383. அகுஸ்தீனுக்கு ரோமுக்குப் போகணும். அம்மா மோனிக்கா 'போகாதே, இல்லேன்னா என்னையும் கூட்டிட்டுப் போ' என்று பிடித்துக்கொள்கிறாள். ஒரு நண்பனை வழியனுப்பத்தான் நிற்கிறேன் என்று பொய் சொல்லி, பக்கத்தில் இருந்த சின்னக் கோயிலில் அவளை ராத்திரி தங்க வைக்கிறான். விடிஞ்சு பார்த்தால் கப்பல் இல்லை. தீதோவுக்காக அழுத பையன், தீதோவின் ஊரிலேயே, தீதோவுக்கு நடந்ததையே அம்மாவுக்குச் செய்துட்டுப் போயிட்டான்! ஒரு சினிமாக்காரர் எழுதியிருந்தால் 'ஓவர்ப்பா' என்று சொல்லியிருப்போம்.

மோனிக்கா மூலையில் உட்கார்கிற ரகம் இல்லை. கடல் தாண்டி மிலான் வரைக்கும் போய்ப் பையனைப் பிடிச்சா. 387-ல் அவன் ஞானஸ்நானம் வாங்கினதைப் பார்த்துவிட்டு, அதே வருஷம் ஊர் திரும்புகிற வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் செத்துப்போனா. பிள்ளைக்காக அழுகிற அம்மா என்றால் எங்க கோயில்களில் அவள் பேரைத்தான் சொல்வார்கள். ஆகஸ்ட் 27 அவள் திருநாள், மறுநாள் மகனுக்கு.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு அம்மா உண்டு. கார்த்தேஜ் காலத்திலிருந்து அகுஸ்தீனோடு ஏறக்குறைய பதினஞ்சு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண். அவர்களுக்கு ஒரு மகன், பேர் அதெயோதாத்துஸ். மிலானில் அகுஸ்தீனுக்கு வசதியான இடத்தில் சம்பந்தம் பேசினார்கள், மோனிக்காவும் அதில் மும்முரம். அந்தப் பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இனி வேறு ஆணைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு, மகனை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள். தன் இதயம் கிழிந்து ரத்தம் வழிந்தது என்கிற அளவுக்கு அகுஸ்தீன் எழுதுகிறார். இவ்வளவும் எழுதியவர் அவள் பேரை மட்டும் எங்கேயுமே எழுதவில்லை. மகன் பேர் இருக்கு, அம்மா பேர் இருக்கு, நண்பர்கள் பேர் இருக்கு. அவளைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் நான் கேட்டதில்லை. மோனிக்கா எனக்குப் பிடித்த புனிதைதான். இந்த ஒரு விஷயத்தில் அவளோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆக, இந்த வியாதி கோடம்பாக்கத்தில் பிறந்தது இல்லை.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை ரோட்டில் பார்த்திருப்பீர்கள். மாதா அங்கே பட்டுப்புடவை, கிரீடத்தோடு நிற்கிறாள். ஆனால் அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளில் அவள் எப்படி வருகிறாள் என்று கவனிச்சிருக்கீங்களா? நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோகிற பையன் குளத்தங்கரையில் இளைப்பாறுகிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, குழந்தைக்குக் கொஞ்சம் பால் தரியா என்று கேட்கிறாள். நடுத்திட்டில் கால் ஊனமான ஒரு பையன் மோர் விற்கிறான். அங்கேயும் அவள் வந்து, குழந்தைக்கு மோர் கேட்கிறாள். பானை நிறைந்ததும் பையன் எழுந்து நடந்ததும் அப்புறம்தான். முதலில் அவள் பிள்ளைக்குப் பசிக்குதுன்னு வழியில் நின்று கேட்ட ஒரு அம்மா. பிரசங்கத்தில் நாங்கள் கேட்கிற 'பொறுமையின் சிகரம்' இவள் இல்லை. வாய் திறந்து கேட்கிறவள்.

அந்த மோர்க்காரப் பையன் ஓர் ஏழை விதவையின் மகன் என்கிறது மரபு. அதற்கு மேல் அவளைப் பற்றி நான் கேள்விப்பட்டது எதுவும் இல்லை.

உங்களில் விஸ்காம் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஃபைனல் இயர் ஷார்ட் ஃபிலிமுக்குக் கதை இல்லாமல் ஹாஸ்டல் மொட்டைமாடியில் காதல் தோல்வி எடுத்துக்கிட்டு இருப்பீர்கள். 1971-லேயே 'அன்னை வேளாங்கண்ணி' என்று கலரில் ஒரு படம் வந்தாச்சு, அற்புதத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் அன்றைக்குக் காலையை எடுங்கள். விடியறதுக்கு முன்னாடி எழுந்து மத்தைப் பிடிக்கிற ஒருத்தி. நடக்க முடியாத பையனுக்கும் ஒரு தொழில் வேணும் என்று யோசிச்சவள் அவளாகத்தான் இருக்கணும். மோரைக் கடைந்து, பானையில் ஊற்றி, அவனையும் எப்படியோ நடுத்திட்டு வரைக்கும் கொண்டுபோய் உட்கார வெச்சுட்டு வீடு திரும்புகிறாள். வழியில் அவள் என்ன நினைத்தாள்? சாயங்காலம் எத்தனை மணிக்கு வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள்? பையன் கால் வந்ததும் சேதி சொல்ல நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்கிறது கதை. போகிற வழியில் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தானா? அவளுக்கு ஒரு பேர் வையுங்கள்.